உடுத்திப் பழசான ரோமம்

பழைய ஆங்கிலப் படங்களில் கனவான்கள் தலையிலிருந்து எடுத்து வணக்கம் சொல்லும் கறுப்புத் தொப்பியை நமக்குத் தெரியும். அதன் பூர்வீகத்தைத் தேடினால், ஆண்டில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும் கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் போய் நிற்போம். மரத்தைக் கொறித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பீவரின் முரட்டு மயிருக்கு அடியில் மெத்தென்ற ரோமம் உண்டு. அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். ஈரமும் சூடும் காட்டி அழுத்தினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மழையிலும் வடிவம் கெடாத ஃபெல்ட் ஆகிவிடும். தொப்பி மோகம் ஐரோப்பாவின் பீவர்களை ஏறக்குறைய தீர்த்துக்கட்டியதும், வியாபாரிகள் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள்.

விரிகுடாவுக்குப் பெயர் தந்த ஹென்றி ஹட்சன் தேடியதோ ஆசியாவுக்கு ஒரு கடல்வழி. 1610-இல் உள்ளே நுழைந்த அவருடைய கப்பல் குளிர்காலம் முழுக்கப் பனியில் சிக்கியது. 1611 ஜூனில் மாலுமிகள் கலகம் செய்து, அவரையும் அவர் மகனையும் இன்னும் 7 பேரையும் சிறுபடகில் இறக்கிவிட்டார்கள். அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை.

ரோம வியாபாரத்துக்கு வழி திறந்தது ஓர் அபராதம். ராடிஸ்ஸோன், குரோசெலியே என்ற இரு பிரெஞ்சு வியாபாரிகள் அனுமதியில்லாமல் ரோமம் வாங்கிவந்ததாகச் சொல்லி, அவர்களுடைய சொந்த அரசே தண்டம் விதித்தது. மனம் கசந்தவர்கள் லண்டனுக்குப் போனார்கள். 1668-இல் 'நான்சச்' என்ற சின்னக் கப்பல் அங்கிருந்து விரிகுடாவுக்குக் கிளம்பி, மறு ஆண்டு ரோமத்தோடு திரும்பியது. 1670 மே 2 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், விரிகுடாப் பகுதியில் ஓடிவந்து சேரும் ஆறுகளின் நிலம் அத்தனையையும் ஹட்சன் பே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அங்கே காலங்காலமாக வாழ்ந்த கிரீ முதலிய மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது அதுதான்.

ஏனென்றால், தொப்பிக்காரர்கள் உயர்வாக மதித்த ரோமத்தைப் பக்குவப்படுத்தியவர்களே அம்மக்கள்தான். பீவர் தோலை ரோமம் உள்பக்கம் படும்படி மேலங்கியாக உடுத்துவார்கள். ஓரிரு குளிர்காலம் உடம்போடு உரசியதில் முரட்டு மயிர் உதிர்ந்து, எண்ணெயும் வியர்வையும் ஊறி, ரோமம் மெதுவாகும். உடுத்திப் பழசான அங்கிக்குப் புதுத் தோலைவிட நல்ல கிராக்கி! புதுத் தோலிலிருந்து ரோமத்தைப் பிரித்தெடுக்கும் வித்தை ரஷ்யர்களிடம் இருந்தது. அதற்காகவே ரஷ்யாவின் ஆர்கேஞ்சல் துறைமுகம்வரை தோல் பயணம் போனது. விரிகுடாக் கரையில் பீவர் தோலே நாணயம். கத்தியோ கெண்டியோ, விலை இத்தனை தோல் என்றுதான் பேச்சு.

போலிகளும் வந்தன. முயல் ரோமத்தைப் பாதரச உப்பில் நனைத்து ஃபெல்ட் ஆக்கினார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி தடுமாறியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுத் தொப்பி வந்து பீவர் தொப்பியை ஓரங்கட்டியது. 1870-இல் கம்பெனியின் நிலம் 3,00,000 பவுனுக்குக் கனடாவின் கைக்குப் போனது.

பீவரின் பயணம் அதோடு முடியவில்லை. 1946-இல் ரோமத் தொழில் தொடங்கும் ஆசையில் அர்ஜென்டினா அரசு, கனடாவிலிருந்து பீவர்களை வரவழைத்துத் தென்கோடியிலுள்ள டியரா டெல் ஃபியூகோ தீவில் விட்டது. தொழில் எழவில்லை, பீவர்கள் பெருகின. அங்கே அவற்றை அடிக்க ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. வட அமெரிக்க மரங்களைப்போல அந்தத் தீவின் மரங்கள் கொறிபட்ட பின் எளிதில் துளிர்ப்பதுமில்லை. அணைநீரில் காடு காடாகப் பட்டுப்போய் நிற்கின்றன.