ஓய்வு எனப்பட்ட பொழுது

ஒரு கலம் இரண்டாகப் பிரிவதாலேயே புதிய கலம் தோன்றும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலைநாட்டிய உண்மை. அப்பிரிவைத் தெளிவுற ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்தர் பிளெமிங். சலமந்தர் என்னும் ஈரூடகவாழியின் குடம்பிகளில், சாயமேற்றிய கலக் கருவினுள்ளே நூல்போன்ற நிறமூர்த்தங்கள் தோன்றி, நீளவாக்கிற் பிளந்து, இருபுறமும் விலகிச் செல்வதை அவர் 1882இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இவ்வரிய காட்சி அறிஞர் கண்களைக் கவர்ந்தது. ஆனால், ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட நெடும்பொழுதில் நுணுக்குக்காட்டி வழியே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. எனவே அதனை 'ஓய்வு நிலை' என்றனர். அப்பெயர் பல்லாண்டு காலம் வழங்கிற்று.

அவ்வெண்ணத்தை மாற்றியோர் இலண்டன் ஹமர்சிமித் மருத்துவமனையில் ஆய்வு நடத்திய அல்மா ஹவாட் அம்மையாரும் இசுட்டீபன் பெல்க் என்பவருமாவர். அவரை இனச் செடியொன்றின் இளவேர்களைக் கதிர்வீசும் பொசுபரசு கலந்த நீரில் அவர்கள் வளர்த்தனர். புதிதாக டி.என்.ஏ. ஆக்கிய கருக்கள் ஒளிப்படத் தகட்டிலே கரும்புள்ளிகளாகத் தம்மைக் காட்டிக்கொடுத்தன. ஓய்வு எனப்பட்ட அப்பொழுதின் நடுவிலேயே பரம்பரைப் பொருள் இரட்டிப்பாகிறது என்பதும், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் இடைவேளை உண்டு என்பதும் 1950களின் தொடக்கத்தில் இவ்வாறு புலனாயின. முதல் இடைவேளையிற் கலம் வளர்ந்து, பிரிவதா வேண்டாவா என்று முடிவு செய்கிறது. பின்னதில் இரட்டிப்புக் குறைவின்றி முடிந்ததா என்று பார்க்கிறது. ஆய்வுகூடத்தில் விரைந்து வளரும் மனிதக் கலத்தின் வட்டம் ஏறத்தாழ 24 மணி நேரம். கண்ணுக்குத் தெரியும் பிரிவுக்கு அதில் ஒரு மணி நேரமே செல்கிறது. எஞ்சியது முழுவதும் ஆயத்தமே.

இவ்வாயத்தத்தை நடத்துவது எது? மதுவக் கலங்களில் இலேலண்ட் ஹாட்வெல், போல் நேர்சு ஆகியோர் அதனை ஆளும் பரம்பரையலகுகளைக் கண்டனர். கடல் முள்ளெலியின் முட்டைகளில், பிரிவுதோறும் பெருகி மறையும் 'சைக்கிளின்' என்னும் புரதத்தை 1982இல் திம் ஹன்ட் கண்டார். மூவரும் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பழுதுற்ற டி.என்.ஏ. சீராகும்வரை பிரிவைத் தடுத்து நிறுத்தும் காவலும் கலத்தினுள் உண்டு. அக்காவல் தளர்ந்தால், பழுதுடனேயே கலங்கள் பெருகும். புற்றுநோய்க்கு அது வழிவகுக்கும். முன்னோர் ஓய்வென்று கடந்துபோன அப்பொழுதிலேதான் இன்றைய புற்றுநோய் மருந்துகள் சிலவும் தம் தொழிலைச் செய்கின்றன.