கிணறும் ஐயாயிரம் ரூபாயும்

1963-ல் அப்பா நங்கநல்லூரில் வீடு கட்டியபோது எனக்குப் பதினோரு வயது. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. முன்னால் சின்னத் திண்ணை, ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. கொல்லையில் ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் கக்கூஸும் செப்டிக் டாங்க்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று அப்பா நாடா பிடித்து அளந்தார். பக்கத்து மனைக்காரர் தன் டாங்க்கை எங்கே கட்டுவார் என்று யார் அளப்பது?

எங்களைப் போன்ற குமாஸ்தா குடும்பங்கள் இங்கே வந்ததற்கு முதல் காரணம் மின்சார ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லிருந்தே அது ஓடுகிறது. பழவந்தாங்கலில் ஏறினால் அப்பா நேரே பீச் ஸ்டேஷனில் இறங்கலாம். இரண்டாவது காரணம் தண்ணீர். அன்று எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். நல்ல தண்ணீருக்கு அம்மா வைத்திருந்த பரிசோதனை அதுதான்.

அடுத்த முப்பது வருஷத்தில் காலி மனைகள் மறைந்தன. 1995-ல் ஆஞ்சநேயர் கோயில் கும்பாபிஷேகம் ஆனது. 32 அடி உயரச் சிலையைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வந்தது. ஊருக்குப் பெயர் வந்துவிட்டது, ஆனால் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க், வீட்டுக்கு வீடு கிணறு. மழைக்காலத்தில் வாளியைத் தூக்கும்போதே நாற்றம் தெரியும்.

என் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது அந்தச் சமயத்தில்தான். டாக்டர் முதலில் கேட்டது, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்றுதான்.

அப்போது நாங்கள் ஆலந்தூர் நகராட்சி. 1996 தேர்தலில் ஆர்.எஸ்.பாரதி தலைவராக வந்தார். பாதாளச் சாக்கடை போடலாம், ஆனால் வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்கள் பங்கு தரவேண்டும் என்றார்கள். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து பேசினார்கள். நான் தரமாட்டேன் என்றேன். "வரி கட்டறோமே, அது எதுக்கு? குழாயே போடாம பணத்தைச் சாப்பிட்டா?" என்று வாசலில் நின்று சட்டம் பேசினேன். பையன் ஒரு மாதம் படுத்துக் கிடந்த வீட்டு வாசல் அது.

பக்கத்து வீட்டு மாமி குடும்ப பென்ஷனில் காலம் தள்ளியவர். எங்கள் வரிசையில் முதலில் பணம் கட்டியது அவர்தான். மதில் மேலாக ரசீதைக் காட்டி, "என் டாங்க்தாண்டா உன் கிணத்துப் பக்கம் இருக்கு. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை" என்றார். மறுநாள் நானும் போய்க் கட்டினேன்.

2000-ல் வேலை தொடங்கியது. தெருவெல்லாம் பள்ளம், மண்மேடு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்கள். திட்டாத வாய் இல்லை, என் வாயும் சேர்த்துத்தான். இணைப்பு வந்ததும் டாங்க்கைச் சுத்தம் செய்து மணல் கொட்டி மூடினோம். கழிவு பெருங்குடிக்குப் போய்ச் சுத்திகரிப்பாகிறது. மக்களும் பணம் போட்டுச் செய்த வேலை என்று வெளியூர்களிலிருந்து வந்து பார்த்தார்கள். 2011-ல் ஆலந்தூர் நகராட்சியே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

எங்கள் மனையிலும் மாமி மனையிலும் சேர்த்து இப்போது அடுக்குமாடி. மாமி இல்லை. கிணற்றை மூட பில்டர் கேட்டபோது நானும் மாமியின் பெண்ணும் சம்மதிக்கவில்லை. மொட்டை மாடி மழைத் தண்ணீர் அதில்தான் இறங்குகிறது. குடிக்கத் துணிவதில்லை, செடிகளுக்கு விடுகிறோம். இப்போது நாற்றம் இல்லை.