பாட்டைப் போட்டவரின் பங்கு

சக் பெர்ரி எழுதிய 'மேபெலின்' 1955-இல் வெளியானது. அந்த இசைத்தட்டில் பாடலாசிரியராக ஆலன் ஃபிரீட் பெயரும் இருப்பது என்னை எப்போதும் உறுத்தும். ஃபிரீட் அதை வானொலியில் போட்டவர், அவ்வளவுதான்.

அதே ஃபிரீட்தான் 1951-இல் கிளீவ்லாந்து வானொலியில் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களை இரவுதோறும் போட்டு, வெள்ளை இளைஞர்களையும் கேட்கவைத்தவர். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரைப் பரப்பியவர். அடுத்த ஆண்டு அவர் நடத்திய நடன நிகழ்ச்சி, அரங்கு கொள்ளாத கூட்டத்தால் பாதியில் நின்றது.

1959-இல், பாட்டு போடக் காசு வாங்கியதில்லை என்று எழுதிக்கொடுக்க மறுத்து நியூயார்க்கில் வேலையை இழந்தார். 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; 300 டாலர் அபராதம். 1965-இல் இறந்தபோது வயது 43.

அவரைத் திருடன் என்று முடிக்க எனக்கு மனசு வரல. அவர் போடலேன்னா அந்தப் பாட்டு எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்? ஆனா அதுக்கான கூலியை பெர்ரி பையிலிருந்தா எடுக்கிறது?