மரம் வெட்டிய நாட்டின் சட்டம் மெல்பேர்ணிலும் செல்லும்

வெரிபீ, தார்னீட் பக்கங்களில் புதுவீடு கட்டும் நம்மவர்களில் சிலர் சாமியறைக் கதவு, ஊஞ்சல், தளபாடங்களை இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ தருவிக்கிறார்கள். அவ்வாறு வரும் மரத்துக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சட்டம் உண்டு. 2012ஆம் ஆண்டின் சட்டவிரோத மரம் வெட்டுதல் தடைச்சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, புதிய விதிகள் 2025 மார்ச் 3 முதல் நடைமுறையில் உள்ளன.

இச்சட்டம் எந்த மரம் கூடாது என்று பட்டியலிடவில்லை. மரம் எந்த நாட்டில் வெட்டப்பட்டதோ அந்நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டப்பட்டிருந்தால் அது இங்கும் சட்டவிரோத மரம். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கிறது. ஆகவே அனுமதியின்றித் தறித்த பலாவில் செய்த கதவை, தெரிந்தோ பொறுப்பற்ற விதமாகவோ இறக்குமதி செய்பவருக்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

தளபாடம், பலகை, ஒட்டுப்பலகை, கடதாசி போன்றவற்றை வணிகத்துக்காக இறக்குமதி செய்வோர், மரத்தின் வகையையும் வெட்டிய இடத்தையும் விசாரித்து, ஆபத்தை மதிப்பிட்டு, எழுத்தில் பதிந்து வைக்கவேண்டும். 1,000 டொலருக்கு மேற்படாத சரக்குக்கு இந்த விசாரணையிலிருந்து விலக்கு உண்டு. தடையிலிருந்து விலக்கு இல்லை. பூச்சி இல்லை என்பதற்கான புகையூட்டல் சான்றிதழ் வேறு, மரம் முறையாக வெட்டப்பட்டது என்பதற்கான சான்று வேறு. முதலாவதை வைத்திருப்பது இரண்டாவதற்கு ஈடாகாது.

இந்தக் கள்ளவணிகத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழ்நாட்டுக் கூலித்தொழிலாளர் 20 பேர் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். தற்காப்பு என்றது பொலிஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்தச் செம்மரத்தின் பெரிய சந்தை வெளிநாடுகளில்தான் இருந்தது. இன்று அதன் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

எனவே முற்பணம் கொடுக்கும் முன்னரே தச்சரிடமோ கடைக்காரரிடமோ மூன்றைக் கேளுங்கள்: மரத்தின் பெயர், வெட்டிய மாவட்டம், வெட்டும் அனுமதிப்பத்திரத்தின் பிரதி. பழைய வீட்டு மரத்தில் செய்ததென்றால் அதையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது.