வுட்ஹால் ஸ்பா: ஊர் முந்தியா, ரயில் முந்தியா?



ஓர் ஊர் ஏன் வளர்ந்தது என்று கேட்டால் "ரயில் வந்தது" என்போம். ஏன் தேய்ந்தது என்றால் "ரயில் நின்றுவிட்டது" என்போம். இரண்டும் எவ்வளவு தூரம் சரி? இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள வுட்ஹால் ஸ்பா என்ற ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முறை நான் வங்கியில் பழகியதுதான்: தேதிவாரியாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்ப்பது.

1811-ல் ஜான் பார்க்கின்சன் என்பவர் அங்கே நிலக்கரி தேடிக் குழி தோண்டத் தொடங்கினார். ஆயிரம் அடிக்கு மேல் தோண்டியும் கரி இல்லை. போட்ட முதல் போனதுதான் கண்ட பலன். கைவிட்ட குழியில் உப்புநீர் ஊறியது. அயோடினும் புரோமினும் கலந்த அந்த நீரில் குளித்தால் மூட்டுவலி குறையும் என்று ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். நிலச் சொந்தக்காரர் தாமஸ் ஹாட்ச்கின் 1830-களின் இறுதியில் குளியல் கூடமும் விக்டோரியா ஓட்டலும் கட்டினார்.

இனி ரயில். லிங்கன் – பாஸ்டன் பாதை 1848-ல் விதம் ஆற்றோரமாகப் போடப்பட்டது. அதில் கிர்க்ஸ்டெட் நிலையத்திலிருந்து பிரிந்து, வுட்ஹால் வழியாக ஹார்ன்காசில் என்ற சந்தை ஊர் வரை சுமார் 12 கி.மீ. கிளைப்பாதை 1855-ல் திறக்கப்பட்டது. ஆக, குளியல் முந்தி, ரயில் பிந்தி. ஆனால் பெரிய ஓட்டல்களும் அகலமான தெருக்களும் எழுந்தது ரயிலுக்குப் பிறகுதான். அதை ரயிலுக்கே வரவு வைக்க வேண்டும்.

தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய ரயில் அட்டவணைகளில் 'வுட்ஹால் ஜங்ஷன்' என்று தேடினால் 1922-க்கு முன் அகப்படாது. கிர்க்ஸ்டெட் நிலையத்துக்கு அந்த ஆண்டில்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். கணக்கின் பெயர் மாறியது, கணக்கு அதேதான்.

அடுத்து வீழ்ச்சி. விக்டோரியா ஓட்டல் 1920-ல் தீக்கிரையானது. அப்போது ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கிளைப்பாதையில் பயணிகள் வண்டி 1954-ல் நின்றது. இங்கிலாந்தில் சிறு பாதைகள் மூடப்பட்டதற்கெல்லாம் 1963-ல் வந்த பீச்சிங் அறிக்கையைக் குற்றம் சொல்வது வழக்கம். இந்தப் பாதைக்கு அது பொருந்தாது. அறிக்கை வந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து. கிளைப்பாதையில் சரக்கு வண்டி 1971 வரை போனது.

குளியல் கூடமோ 1948 முதல் அரசு மருத்துவச் சேவையின் கீழ் இயங்கி, 1983-ல் கிணறு இடிந்து விழுந்த பிறகே மூடப்பட்டது. பயணிகள் வண்டி நின்று 29 ஆண்டுகள் கழித்து! ரயில் ஊரை வளர்த்தது உண்மை. ஸ்பாவை முடித்துவைத்தது ரயில் அல்ல.

இன்று அந்தத் தடத்தின் பெரும்பகுதி நடைபாதையாக இருக்கிறது.

நம் காலனிக்கும் இது பொருந்தும். பேருந்து எப்போது வந்தது, ஏரி எப்போது சுருங்கியது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய வரி ரசீது, புகைப்படம், பத்திர நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். புகைப்படத்தின் பின்னால் ஆண்டை மட்டும் எழுதி வையுங்கள். பின்னால் கணக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும்.