கொழும்பில் ஒளிர்ந்த ஓர் எண்ணம்: உலோக அயன் உணரிகளின் வரலாறு

விஞ்ஞான வரலாறு என்றதும் கேம்பிரிட்ஜும் பேர்லினும் நம் நினைவில் எழுகின்றன, கொள்ளுப்பிட்டி எழுவதில்லை. ஆயினும், உடலிலுள்ள உலோக அயன்களை ஒளியினால் இனங்காணும் முறையின் வரலாற்றிலே கொழும்புப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைக்கும் ஓரிடமுண்டு. அவ்விடம் எத்தகையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிருக்கும் உலோக அயன்களுக்குமுள்ள தொடர்பை 1883 இல் சிட்னி றிங்கர் புலப்படுத்தினார். இலண்டன் குழாய்நீரிற் செய்த உப்புக்கரைசலில் துடித்த தவளையிதயம், வடித்த நீரிற் செய்த கரைசலில் அடங்கிற்று. குழாய்நீரிலிருந்த கல்சியமே அத்துடிப்பைக் காத்தது. ஆனால், ஓய்ந்திருக்கும் கலத்தினுள்ளே கல்சிய அயன்களின் செறிவு வெளியிலிருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்திலொரு பங்கே. கலத்தைச் சிதைக்காது அதனை அளப்பது எங்ஙனம்?

விடை ஒளியிற் கிடைத்தது. குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை 1845 இல் ஜோன் ஹேர்ஷல் விவரித்தார். 1852 இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் அத்தகைய ஒளிர்வுக்குப் புளோரொளிர்வு எனும் பெயரை வழங்கினார். அக்குயினைனைத் தரும் சின்கோனா மரத்துக்காகவே 1861 இல் நம் நாட்டில் ஹக்கலைப் பூங்கா தோன்றிற்று என்பதும் நினைக்கத்தக்கது. குயினைனில் அமைந்துள்ள குவினோலின் வளையத்தையே றொஜர் சியென் கேம்பிரிட்ஜில் ஆக்கிய ‘குயின்-2’ எனும் கல்சியங் காட்டியும் கொண்டிருந்தது. 1985 இல் அவர் குழுவினர் அதனினும் சிறந்த ‘பியூரா-2’வை வெளியிட்டனர். எசுத்தர் வடிவிற் கலத்துட் புகும் இக்காட்டிகளைக் கலத்தின் நொதியங்களே வெட்டி உள்ளே சிறைப்படுத்தின. கல்சியத்தின் ஏற்றத்தாழ்வை உயிருள்ள கலத்திலேயே காண முடிந்தது.

அதே 1985 இலேயே கொழும்பிலிருந்தும் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. கொழும்பிற் பட்டம் பெற்று, பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்து, தாய்நாடு மீண்டிருந்த பிரசன்ன டி சில்வா, ரூபசிங்க என்பவருடன் இணைந்து அதனை எழுதினார். அதன் தத்துவம் எளியது. மூலக்கூறொன்றில் ஒளிரும் பகுதி, இடைவெளி, ஏற்பி என மூன்று உறுப்புக்கள் உள. ஏற்பி வெறுமையாயிருக்கையில் அதிலிருந்து ஓர் இலத்திரன் பாய்ந்து ஒளியை அவிக்கும். ஏற்பி அயனைப் பற்றியதும் இலத்திரன் கட்டுண்ணும், விளக்கு எரியும். முதலில் ஐதரசன் அயனுக்குப் பயன்பட்ட இத்தத்துவம், 1986 இல் கார உலோக அயன்களுக்கும் விரிந்தது.

அவ்வாண்டிலேயே டி சில்வா பெல்பாஸ்றுக்குப் பெயர்ந்தார். 1990 இல் சியெனின் கல்சிய ஏற்பியோடு அந்திரசீனை இணைத்த உணரியும், 1993 இல் ஐதரசன், சோடியம் அயன்கள் இரண்டும் கூடினால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுத் தருக்கப் படலையும் அங்கிருந்தே வெளிவந்தன. பின்னர் இத்தத்துவத்தின் வழிவந்த உணரிகள், நோயாளியின் குருதியிலுள்ள சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றை அளக்கும் மருத்துவக் கருவிகளில் இடம்பெற்றன.

இப்பெருமை முழுவதும் கொழும்புக்கே உரியது எனல் மிகையாகும். ஒளியால் தூண்டப்படும் இலத்திரன் இடமாற்றத்தை ஜேர்மனியில் அல்பேட் வெல்லர் முன்னரே ஆராய்ந்திருந்தார். கார உலோக அயன்களைப் பற்றும் கிரீட ஈதர்களை அமெரிக்காவில் சாள்ஸ் பெடர்சன் 1967 இல் வெளியிட்டிருந்தார். இவ்விரண்டையும் பொதுவிதியொன்றின் கீழ்க் கொணரும் முயற்சியின் ஆரம்பப் படிகளுள் ஒன்று இங்கு நிகழ்ந்தது என்பதே பொருந்தும். அது சிறிய கூற்றன்று.

தனியொருவர் புறப்பட்ட காரணத்தை நாம் ஊகித்துரைத்தல் முறையன்று. எனினும் 1983 ஆடி வன்செயலும், எண்பதுகளின் பிற்பகுதியிற் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த காலமும் இந்நாட்டினின்று எத்தனையோ அறிஞரைப் பெயர்த்தன என்பது வரலாறு. வீழ்ந்தோர் தொகையையும் எரிந்த கட்டடங்களையும் வரலாற்றாசிரியர் எண்ணுவர். தொடங்கிய இடத்தில் தொடர முடியாமற்போன ஆய்வுகளை எவர் எண்ணுவர்? கலைப்பீட மாணவராகிய நாம் அரசர்க்கும் கட்சிகட்கும் எழுதும் வரலாற்றை நம் ஆய்வுகூடங்கட்கும் எழுதுதல் வேண்டும். அறிந்தோர் வாழுங்காலத்திலேயே அதனைக் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் பதிவதே முதற்பணியாகும்.