வெள்ளி ரூபாயும் மலையகத் தமிழரும்

வரலாற்றுச் சான்றுகளுள் நாணயங்கள் தலையாய இடத்தைப் பெறுவன என்பதை வரலாறு கற்கும் மாணவர் யாவரும் அறிவர். அனுராதபுரத்திலும் கந்தரோடையிலும் கிடைத்த பழங்காசுகள் பற்றியும், ‘சேது’ என்னும் சொல் பொறிக்கப்பெற்ற யாழ்ப்பாண மன்னர் காசுகள் பற்றியும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆயின் நுவரெலியா, அட்டன், தலவாக்கலை முதலிய பகுதிகளின் தோட்ட லயங்களிலே, தகரப் பெட்டிகளின் அடியில் துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் காசுகளை வரலாற்றுச் சான்றாக எவரும் கருதியதாகத் தெரியவில்லை. விக்டோரியா மகாராணியின் தலையும், ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர்களின் தலைகளும் பொறித்த அவ்வெள்ளி ரூபாய்கள் இன்று நகைக்கடைத் தராசில் ஏறுவதற்கு மட்டுமே உரியனவாய்க் கருதப்படுகின்றன. அவை மலையகத்துக்கு வந்த வரலாற்றையும், அவற்றின் பெறுமதியை யார் எவ்வாறு நிர்ணயித்தனர் என்பதையும் நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்தானியர் இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிய காலத்தில் இங்கு வழங்கிய பணம் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற இறைசால் ஆகும். ஆங்கில அரசு 1821ஆம் ஆண்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னனின் உருவம் பொறித்த வெள்ளி இறைசாலை வெளியிட்டது. 1825இல் ஆங்கில நாட்டுப் பவுண், ஷில்லிங், பென்சுக் கணக்கே இலங்கைக்கும் உரியதென விதிக்கப்பட்டது. ஒன்றரைப் பென்சு மதிப்புள்ள சிறு வெள்ளிக் காசும் இலங்கையின் தேவை கருதி அடிக்கப்பட்டது. ஆயினும் சட்டம் ஒன்றாகவும் சந்தை வேறாகவும் இருந்தன. தென்னிந்தியாவிலிருந்து அரிசியும் துணியும் வந்தன. கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளரும் அங்கிருந்தே வந்தனர். எனவே அவர்கள் அறிந்த இந்திய ரூபாயே மலைநாட்டிலும் செலாவணியாயிற்று. இறுதியில் அரசும் நடைமுறைக்கு இணங்கியது. 1869இல் இந்திய வெள்ளி ரூபாய் சட்டபூர்வமான பணமாக ஏற்கப்பட்டது. 1872 சனவரி முதலாம் திகதி தொடக்கம் ரூபாயை நூறு சதமாகப் பகுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இந்தியாவில் ரூபாய் பதினாறு அணாவாகவே இருக்க, இலங்கையில் அதே ரூபாய் நூறு சதமாயிற்று.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. இலங்கையின் பெயரால் அக்காலத்தில் வெள்ளி ரூபாய் அடிக்கப்படவில்லை. செம்பிலே சதக்காசுகளும், 1892 தொடக்கம் வெள்ளியிலே 10, 25, 50 சதக் காசுகளுமே இலங்கைக்கென அடிக்கப்பட்டன. இலங்கையின் பெயர் தாங்கிய ஒரு ரூபாய்க் காசு 1957இல் புத்த ஜயந்தி நினைவாகவே வெளிவந்தது. அதில் வெள்ளி இல்லை. ஆதலின் மலையகத்துப் பெட்டிகளிற் கிடக்கும் வெள்ளி ரூபாய் எல்லாம் இந்திய நாணயச் சாலைகளில் அடிக்கப்பட்டவை. அவையும் கடல் கடந்து வந்தவையே.

இனி அக்காசின் உட்பொருளை நோக்குவாம். 1835இல் கிழக்கிந்தியக் கம்பனி வகுத்த விதிப்படி ஒரு ரூபாயின் நிறை ஒரு தோலா, அதாவது 180 கிரேன் அல்லது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. அஃதாவது ஏறக்குறைய 10.69 கிராம். ஆசாரிமார் இந்த ரூபாயையே எடைக்கல்லாகவும் பயன்படுத்தினர். விக்டோரியா காலம் முதல் 1939 வரை அடிக்கப்பட்ட ரூபாய்களில் இந்த அளவு மாறவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 தொடக்கம், ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளி முற்றாக நீங்கி நிக்கல் இடம்பிடித்தது. இலங்கைச் சதக்காசுகளும் இதே கதியை அடைந்தன. தொடக்கத்தில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி கொண்டிருந்த அவை 1919இல் 55 பங்காகத் தாழ்ந்தன. ஆங்கில நாட்டு ஷில்லிங்கும் 1920இல் நூற்றுக்கு 92.5 பங்கிலிருந்து 50 பங்காகவும், 1947இல் வெள்ளியே அற்றதாகவும் ஆயிற்று. அரசனின் தலை மாறாதிருக்க, உள்ளிருந்த வெள்ளி மட்டும் ஓசையின்றிக் கழன்று போன வரலாறு இது.

வெள்ளியின் விலை வீழ்ச்சி தோட்டப் பொருளாதாரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெறும். ஒரு பவுணுக்குப் பத்து ரூபாய் எனலாம். பின்னர் ஐரோப்பிய நாடுகள் பொன்னை அடிப்படையாகக் கொண்டமையாலும், அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி பெருகி வந்தமையாலும் வெள்ளியின் விலை சரிந்தது. 1890களின் நடுப்பகுதியில் ரூபாய் ஒரு ஷில்லிங் மூன்று பென்சையும் எட்டத் தடுமாறியது. ஒரு பவுணுக்குப் பதினாறு ரூபாய் கிடைத்தது. தேயிலை இலண்டனிற் பொன்னுக்கு விற்கப்பட்டது. தொழிலாளிக்கோ வெள்ளியிற் கூலி கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் ஆண் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி ஏறக்குறைய 33 சதம். பவுண் பத்து ரூபாயாக இருந்த காலத்தில் அக்கூலி எட்டுப் பென்சுக்குச் சமம். பதினாறு ரூபாயானபோது அதுவே ஐந்து பென்சாயிற்று. கூலியில் ஒரு சதமும் குறைக்காமலே துரைமாரின் கூலிச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. தொழிலாளி உண்ட அரிசியும் வெள்ளி வழங்கும் நாட்டிலிருந்தே வந்தமையால் அவன் வயிறு அதே அளவுக்குச் சுருங்கவில்லை என்பது உண்மையே. எனினும் வெள்ளி வீழ்ந்ததால் விளைந்த ஆதாயம் எவர் பக்கம் சேர்ந்தது என்பது வெள்ளிடைமலை. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்கள் கொணரும் வெள்ளிக்குக் கதவடைத்தன. அதன்பின் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்சு என்ற நிலையில் நிறுத்தப்பட்டது.

1884ஆம் ஆண்டு மலையகப் பண வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். கோப்பி இலைநோயால் தோட்டங்கள் அழிந்து, அவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி அவ்வாண்டு மே மாதம் கதவை மூடியது. இலங்கையிற் பெருமளவில் வழங்கிய நோட்டுகள் அவ்வங்கி வெளியிட்டவையே. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என அறிவித்துப் பீதியைத் தணித்தார். அதன் பின்னரே அரசாங்க நோட்டு முறை சட்டமாயிற்று. அதே ஆண்டில் புகையிரதம் அட்டனை வந்தடைந்தது. கடதாசிப் பணம் ஒரே நாளில் வெறுங் கடதாசியாகக் கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. வெள்ளியைக் கையிற் பிடித்தவனுக்கு அவ்வச்சம் இல்லை. முதியோர் வெள்ளிக் காசைப் பெட்டியிற் பூட்டி வைத்ததைப் பழைமைப் பித்து எனக் கொள்ளாது, அக்காலத்துக்கேற்ற அறிவு எனக் கொள்வதே பொருந்தும்.

ஆயினும் தொழிலாளியின் கைக்கு அவ்வெள்ளி எத்துணை முறை எட்டியது என்பது வேறொரு வினா. அவன் ஊரிலிருந்து புறப்படும்போதே கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக அவன் தலையில் ஏறியது. வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் பற்றெழுதப்பட்டன. பல தோட்டங்களில் சம்பளம் மாதக்கணக்கிற் பிந்தியது. கொடுக்கப்பட்டபோதும் பெரிய கங்காணியின் கையைத் தாண்டியே வந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாக எழுதித் தரும் ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்களை மாற்றும் கருவியாயிற்று. அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்குத் தன் ஆட்களின் ஒவ்வொரு ‘பேருக்கும்’ கிடைத்த தரகு, சதக்கணக்கு வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் ‘பென்ஸ் காசு’ என்றே வழங்கியது. ஆங்கிலப் பென்சு நாட்டை விட்டு நீங்கியும் கங்காணியின் கணக்கை விட்டு நீங்கவில்லை. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. அக்கணக்கின்படி ஒரு வெள்ளி ரூபாயைச் சேமிக்க ஒரு பெண், வேறெதற்கும் செலவு செய்யாதிருந்தாலும், இரண்டு நாளும் மூன்றாம் நாளின் ஒரு பகுதியும் கொழுந்து பறித்தல் வேண்டும். பெட்டிக்குள் ஒரு ரூபாய் கிடக்கிறதென்றால், கடனும் அரிசியும் கங்காணியும் விழுங்காது தப்பிய உழைப்பு அது என்பதே பொருள்.

முதலாம் உலகப் போரின் இறுதியில் வெள்ளி விலை ஏறியது. ரூபாயை உருக்கினால் அதன் முகப்பெறுமதியிலும் கூடுதலாகக் கிடைக்கும் நிலை தோன்றியது. உருக்குவதை இந்திய அரசு தடுத்தது. 1917இல் இந்தியாவும் இலங்கையும் ஒரு ரூபாய் நோட்டுகளை வெளியிட்டன. இரண்டாம் உலகப் போரின்போது இந்திய அரசு பழைய முழு வெள்ளி ரூபாய்களை 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாதனவாக்கித் திரும்பப் பெற்றது. திரும்பாதவை தாலிக்கொடி செய்யவும் தண்டை உருக்கவும் சென்றன. எஞ்சியவை பெட்டிகளில் உறங்கின. அவற்றுட் சில மீண்டும் கடல் கடந்தன. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கும் என வகுத்தது. ஒரு குடும்பம் கொண்டு செல்லத்தக்க உடைமையின் உச்ச எல்லை நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படலாகாது என்றும் அது கூறியது. பல தலைமுறைகளின் உழைப்பை ரூபாய்க் கணக்கில் எல்லையிட்ட அவ்வாசகம் நம் சிந்தனைக்குரியது.

இவ்வரலாற்றை நான் நூல்களிற் கற்பதற்கு முன் தராசின் முன்னே கற்றேன். எங்கள் அப்பாயியிடம் ஒன்பது வெள்ளி ரூபாய் இருந்தன. 2022இல் அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறிய வேளையில், நான் பல்கலைக்கழகம் செல்வதற்கான செலவும் சேர்ந்துகொண்டது. அவர் மூன்று காசுகளை எடுத்து முந்தானையில் முடிந்தார். “ஒங்க தாத்தாவோட அம்மா மழையில நனைஞ்சு சேத்தது சாமி. படிப்புக்குத் தானே போவுது” என்றார். நகரத்து நகைக்கடை ஒன்றுக்குச் சென்றோம். கடைக்காரர் ஒரு காசை மட்டும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். “பாதி வெள்ளிதான்” என்று கூறி மூன்றுக்கும் ஒரே கணக்கிட்டுப் பணம் கொடுத்தார். நாங்கள் தலையசைத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

விற்ற காசுகளின் ஆண்டுகளை நான் குறித்து வைத்திருந்தேன்: 1917, 1918, 1944. உரைக்கப்பட்டது 1944ஆம் ஆண்டுக் காசு; அது பாதி வெள்ளி என்பது சரியே. ஏனைய இரண்டும் முழு வெள்ளி. மூன்றிலும் பதினேழரைக் கிராம் வெள்ளி இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. உண்மையில் இருந்தது, தேய்மானம் சிறிது நீக்கினாலும், ஏறக்குறைய இருபத்தேழு கிராம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தோம். கடைக்காரர் அறிந்து செய்தாரா, அறியாது செய்தாரா என்பதை நான் வழக்காட வரவில்லை. நாங்கள் அறிந்திருந்தால் அது நிகழ்ந்திராது என்பதே நான் கூறவருவது. காசின் மேல் ஆண்டு எழுதியிருந்தது. அதை வாசிக்கக் கற்றவன் பக்கத்தில் நின்றிருந்தான். ஆயினும் அதன் பொருளை அவன் அறிந்திருக்கவில்லை.

எனவே பழங்காசு வைத்திருப்போர் அறியவேண்டிய சிலவற்றை இங்குத் தொகுத்துக் கூறுதல் தகும். ஒரு காசுக்கு மூன்று பெறுமதிகள் உண்டு. முதலாவது முகப்பெறுமதி, அது இறந்துவிட்டது. இரண்டாவது உலோகப் பெறுமதி. நிறையையும் ஆண்டையும் அன்றைய வெள்ளி விலையையும் கொண்டு எவரும் கணிக்கலாம். 1939 வரையிலான ரூபாய்க்கு 10.69 கிராமும், 1940 முதல் 1945 வரையிலானதற்கு 5.83 கிராமும் தூய வெள்ளி எனக் கொள்க. மூன்றாவது சேகரிப்போர் கொடுக்கும் பெறுமதி. இஃது அருமையையும் தேயாத நிலையையும் பொறுத்தது. ஐந்தாம் ஜோர்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மன்னனின் அங்கியில் பொறித்த யானை பன்றிபோல் தோன்றுகிறது என மக்கள் முறையிட்டமையால் அது நிறுத்தப்பட்டது. ஆதலால் அதற்கு இன்று தனி மதிப்புண்டு. 1939ஆம் ஆண்டு ரூபாயும் அரிதானதே. காசுகளைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்குதல் கூடாது. துலக்கிய காசைச் சேகரிப்போர் விரும்புவதில்லை. ஒவ்வொரு காசையும் தனித்தனியே உரைத்து, தனித்தனியே நிறுத்துக் கணக்கிடும்படி கேட்க வேண்டும். அரிய காசுகளுக்குப் போலிகளும் வார்க்கப்படுவதால், ஒரே இடத்து விலையை நம்பாது இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தல் நன்று.

இம்மூன்றினும் மேலான நான்காவது பெறுமதி ஒன்று உண்டு. அதனைத் தராசு காட்டாது. யார் சேமித்தார், எத்தோட்டத்தில் உழைத்தார், எந்தத் தேவைக்கு எடுத்தார் என்னும் செய்திகள் காசோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துப் பெரட்டுப் புத்தகங்களும் செக்ரோல்களும் துரைமார் எழுதியவை. துண்டுகள் கங்காணிமார் எழுதுவித்தவை. உழைத்தவர் தம் கைப்பட விட்டுச்சென்ற ஆவணங்கள் மிகச் சில. பெட்டிக் காசு அவற்றுள் ஒன்று. வறுமை வந்தால் விற்கத்தான் வேண்டும். விற்பதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் விற்குமுன் அதன் ஆண்டையும் அதன் கதையையும் எழுதிக்கொள்ளப் பல்கலைக்கழகம் புகுந்த நம்மால் இயலும். மலையக மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் லயத்தில் பத்துக் குடும்பங்களைக் கேட்டு எழுதினால், எவரும் எழுதாத வரலாறொன்றின் முதல் ஏடு உருவாகும்.

எங்கள் பெட்டியில் இன்னும் ஆறு காசுகள் உள்ளன. அவற்றின் ஆண்டுகளை அப்பாயி சொல்லச் சொல்ல அல்ல, நான் வாசிக்க வாசிக்க அவர் கேட்டார்: 1885, 1904, 1907, 1912, 1913, 1945. ஒவ்வோர் ஆண்டையும் கேட்டபின், அக்காலத்தில் எத்தோட்டத்தில் யார் இருந்தார் என்று தாம் கேட்டறிந்ததை அவர் கூறினார். அவற்றை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக் காசுகளோடு அப்பெட்டியிலேயே வைத்துள்ளேன்.